1965–66 ஃபோர்டு மஸ்டாங்: மாற்றுப் பின் அச்சைத் தேடுவதும் அடையாளம் காண்பதும்

1964 ஏப்ரல் 17 அன்று விற்பனைக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங்கின் முதல் வடிவத்தை இன்றும் சாலையில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், என்றாவது ஒரு நாள் பின் அச்சைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். ஆறு சிலிண்டர் எஞ்சினை எடுத்துவிட்டு வி8 எஞ்சினைப் பொருத்துகிறவர்களுக்கு அந்தத் தேவை உடனே வருகிறது. மற்றவர்களுக்கு, அச்சின் உள்ளே இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீல் தேய்ந்து ஊளையிடத் தொடங்கும்போதோ, அச்சுக்குழாய் துருவேறி இளைத்துப்போகும்போதோ வருகிறது. அமெரிக்காவில் இந்த வண்டிக்கான பாகங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் ஏராளமாகக் கிடைக்கும் பொருளில்தான் தவறானதை வாங்கும் வாய்ப்பும் அதிகம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தோன்றும் அச்சுகள் அகலத்திலும், பல் விகிதத்திலும் (சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சின் பக்கத் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்பது), சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டின் தடிமனிலும் வேறுபடுகின்றன. தகடுகளும் வார்ப்பு எண்களும் தேடலைத் தொடங்குவதற்கு உதவும். பணத்தைக் கொடுப்பதற்கு முன் நம்ப வேண்டியவை அளவு நாடாவும் பல் எண்ணிக்கையும் மட்டுமே. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கருத்தின் மீதுதான் நிற்கிறது.

முதலில் உங்கள் வண்டியை அறியுங்கள்

தேடத் தொடங்குவதற்கு முன், உங்கள் வண்டி தொழிற்சாலையிலிருந்து எந்த அச்சுடன் வந்தது, இப்போது எந்த அச்சு அதில் இருக்கிறது என்ற இரண்டையும் தனித்தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அறுபது ஆண்டு பழைய வண்டியில் இவ்விரண்டும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

வண்டி எண்ணின் ஐந்தாவது இடத்தில் உள்ள எழுத்து எஞ்சினைச் சொல்கிறது. 1965, 1966 வண்டிகளில் ‘டி’ என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின். ‘சி’ என்றால் இரட்டைத் துளைக் கார்புரேட்டர் கொண்ட 289 கன அங்குல வி8. ‘ஏ’ என்றால் நான்கு துளைக் கார்புரேட்டர் கொண்ட 289. ‘கே’ என்றால் உயர்திறன் 289. எஞ்சினை ஒட்டியே அச்சும் அமைந்தது. ஆறு சிலிண்டர் வண்டிகளுக்கு 7.25 அங்குலக் கிரவுன் வீல் கொண்ட சிறிய அச்சும், சாதாரண வி8 வண்டிகளுக்கு 8 அங்குல அச்சும், ‘கே’ எழுத்து வண்டிகளுக்கு 9 அங்குல அச்சும் பொருத்தப்பட்டன.

ஓட்டுநர் பக்கக் கதவில் ஆணியடித்துப் பொருத்தப்பட்ட தகட்டில் அச்சுக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் இலக்கம் இருந்தால் சாதாரண டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரத் தொகுதி); எழுத்து இருந்தால் இரு சக்கரங்களையும் சேர்த்து இழுக்கும் லிமிடெட் ஸ்லிப் வகை. உதாரணமாக 1 என்பது 3.00 விகிதம், அதே விகிதம் லிமிடெட் ஸ்லிப்பில் வந்தால் ‘ஏ’ என்று குறிக்கப்படும். ஆனால் கதவு மாற்றப்பட்டிருந்தால் அந்தத் தகடு வேறொரு வண்டியின் கதையைச் சொல்லும். தகட்டில் உள்ள வண்டி எண்ணை எஞ்சின் அறையில் முன் மட்கார்டின் உட்புறத் தகடான ஏப்ரனில் அடிக்கப்பட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட்ட பிறகே தகட்டை நம்ப வேண்டும்.

அடுத்து வண்டியை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, கீழே போய்ப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எந்தக் காரணத்துக்காகவும் வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி வீல் போல்ட்டுகளை எண்ணுங்கள்: ஆறு சிலிண்டர் வண்டிகளுக்கு நான்கு, வி8 வண்டிகளுக்கு ஐந்து. இரண்டிலும் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 4.5 அங்குலம். பின் பிரேக் டிரம்மும் வேறுபடும். ஆறு சிலிண்டருக்கு 9 அங்குலம், வி8 வண்டிக்கு 10 அங்குலம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆறு சிலிண்டர் வண்டிக்கு ஐந்து போல்ட் பின் அச்சை வாங்குபவர், முன் சக்கரங்கள் இன்னும் நான்கு போல்ட்டாகவே இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. முன்புறத்தின் ஸ்பிண்டில், பிரேக், ஸ்டீயரிங் இணைப்புகள் எல்லாம் சேர்ந்து மாற வேண்டிய வேலை அது. பின் அச்சுக்கு மட்டும் பணம் ஒதுக்கி இறங்கினால் பாதியில் நிற்க நேரும்.

மூன்று அச்சுகளையும் பிரித்தறிதல்

7.25 அங்குல அச்சைக் கண்டுபிடிப்பது எளிது. அதன் பின்புறத்தில் போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட தகட்டு மூடி இருக்கும். பற்சக்கரங்கள் அச்சின் வெளிக்கூடான ஹவுசிங்குக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். வி8 எஞ்சினின் முறுக்கு விசைக்கு அது தாங்காது. ஆகவே அதே அச்சை அதே ஆறு சிலிண்டர் வண்டிக்காகத் தேடுபவரைத் தவிர மற்றவர்கள், பின்மூடி கண்ணில் பட்டவுடன் அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடலாம்.

8 அங்குலமும் 9 அங்குலமும்தான் ஆட்களைக் குழப்புகின்றன. இரண்டிலும் பின்பக்கம் மூடி கிடையாது. ஹவுசிங்கின் முதுகு பற்றவைக்கப்பட்டு உருண்டையாக இருக்கும். டிஃபரன்ஷியல் முழுவதும் கேரியர் எனும் தனி வார்ப்புத் தாங்கியில் அமைந்து, முன்பக்கமாகக் கழன்று வரும். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே அச்சின் சிறிய, பெரிய பதிப்புகளாகத் தெரியும். கேரியரை ஹவுசிங்கோடு இறுக்கும் நட்டுகளில்தான் அடையாளம் இருக்கிறது. கேரியரைச் சுற்றியுள்ள எல்லா நட்டுகளின் மேலும் நேராக ஒரு சாக்கெட்டைப் பொருத்த முடிந்தால் அது 8 அங்குல அச்சு. அடிப்பகுதியில் உள்ள இரண்டு நட்டுகளுக்குச் சாக்கெட் நுழையாமல் வார்ப்பு தடுத்து, ஸ்பேனர் கொண்டுதான் பிடிக்க முடியும் என்றால் அது 9 அங்குலம். 9 அங்குல அச்சில் பினியன் (கிரவுன் வீலைச் சுழற்றும் சிறிய பற்சக்கரம்) கிரவுன் வீலின் மையத்துக்கு வெகு கீழே அமைந்திருப்பதால் வார்ப்பு அங்கே இடத்தை அடைத்துக்கொள்கிறது. சேறும் கிரீசும் மூடிய அச்சிலும் இந்தச் சோதனையை அரை நிமிடத்தில் செய்துவிடலாம். இதைவிட நம்பகமான புற அடையாளம் வேறு இல்லை என்பேன்.

9 அங்குல அச்சின் வலிமைக்குக் காரணம் பெரிய கிரவுன் வீல் மட்டுமன்று. பினியனின் பின் நுனியையும் ஒரு தனி பேரிங் தாங்குவதால், முழு விசை வரும்போதும் பினியன் கிரவுன் வீலை விட்டு விலகிச் சாய்வதில்லை. 9 அங்குல கேரியர்களுள் முகப்பில் ‘என்’ எழுத்து பெரிதாக வார்க்கப்பட்டவை, சாதாரண வார்ப்பிரும்பைவிட உறுதியான நாடுலர் இரும்பால் ஆனவை. அதனால் அவற்றின் விலையும் அதிகம். அதே சமயம், சாதாரண 289 எஞ்சினோடு தெருவில் ஓடும் வண்டிக்கு நல்ல நிலையிலுள்ள 8 அங்குல அச்சே போதும். அது எடை குறைவானது, உராய்வில் இழக்கும் சக்தியும் குறைவு, விலையும் மலிவு. ஓட்டப் பந்தயமும் அகன்ற ஒட்டும் டயர்களும் மனத்தில் இல்லாதவர்கள், 9 அங்குலம் என்ற பெயருக்காகவே பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

ஷாஃப்டின் உள்முனையில் வெட்டப்பட்ட பல்வரிகளும் ஓர் அடையாளம். 8 அங்குல அச்சின் ஷாஃப்டுகளுக்கு 28 வரிகள். 9 அங்குலத்தில் 28 வரியும் உண்டு, 31 வரியும் உண்டு. 31 வரி ஷாஃப்டு தடிமனானது என்பதால் விற்பவர்கள் அதைத் தனியாகக் குறிப்பிட்டு விலை சொல்வார்கள். அதைச் சொல்லளவில் ஏற்காதீர்கள். டிரம்மைக் கழற்றினால் ஷாஃப்டின் தட்டில் ஒரு துளை தெரியும். அதன் வழியாக உள்ளேயுள்ள நான்கு நட்டுகளையும் கழற்றி ஷாஃப்டை வெளியே இழுத்து வரிகளை எண்ணிவிடலாம். 8 அங்குலம், 9 அங்குலம் இரண்டிலும் ஷாஃப்டைப் பிடித்து வைத்திருப்பது வெளி முனையில் உள்ள பேரிங்கும் அதன் தகடும்தான் என்பதால், டிஃபரன்ஷியலைத் தொடாமலே இதைச் செய்ய முடிகிறது.

தகடும் வார்ப்பு எண்ணும் சொல்வது

கேரியரின் நட்டு ஒன்றில் மாட்டப்பட்ட சிறிய உலோகத் தகடு இன்னும் இருந்தால் உங்களுக்கு நல்ல காலம். கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் எழுத்துகள் தெரியும். மேல் வரியில் அச்சின் மாதிரிக் குறியீடும், கீழ் வரியில் விகிதமும் கிரவுன் வீலின் அளவும் தேதியும் இருக்கும். 3-க்கும் 00-க்கும் இடையே வெற்றிடம் இருந்தால் சாதாரண 3.00, அந்த இடத்தில் ‘எல்’ எழுத்து இருந்தால் 3.00 விகித லிமிடெட் ஸ்லிப். தேதியில் முதல் இலக்கம் ஆண்டையும், அடுத்த எழுத்து மாதத்தையும், அதற்கடுத்த எழுத்து வாரத்தையும் குறிக்கும். மாத எழுத்துகள் ஜனவரிக்கு ‘ஏ’ என்று தொடங்கி, இலக்கம் ஒன்றோடு குழம்பக்கூடிய ‘ஐ’யை மட்டும் விட்டுவிட்டு, டிசம்பருக்கு ‘எம்’ என முடியும். வண்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி மீட்டெடுப்பவர்களுக்கு இந்தத் தேதி மிக முக்கியம். அச்சின் தேதி வண்டி கட்டப்பட்ட தேதிக்குச் சற்று முந்தியதாக இருக்க வேண்டுமே தவிர, பிந்தியதாக இருக்க முடியாது.

ஆனால் இந்தத் தகடு ஒரே ஒரு நட்டில் தொங்கும் பொருள். பழுது பார்த்தவர் அதைத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கலாம். வேறு கேரியரின் தகட்டை இதில் மாட்டியிருக்கலாம். உள்ளே பற்களை மாற்றிவிட்டுப் பழைய தகட்டையே வைத்திருக்கலாம். புதிதாக அச்சடித்த மறுபதிப்புத் தகடுகளும் விற்பனைக்குக் கிடைக்கின்றன.

வார்ப்பு எண்களின் தொடக்கத்தில் ‘சி’ இருந்தால் 1960-கள், ‘டி’ இருந்தால் 1970-கள். அதைத் தொடரும் இலக்கம் அந்தப் பத்தாண்டுக்குள் ஆண்டைக் காட்டும். அது அந்தப் பாகம் வடிவமைக்கப்பட்ட ஆண்டேயன்றி, உங்கள் கையில் இருக்கும் துண்டு வார்க்கப்பட்ட ஆண்டு அன்று.

விகிதத்தை நீங்களே கணக்கிடுங்கள்

வண்டியில் மாட்டியிருக்கும் அச்சானாலும் தரையில் கிடக்கும் அச்சானாலும், விகிதத்தைக் கண்டறியச் சாக்குக்கட்டியும் பொறுமையும் போதும். பினியனின் முன் தட்டிலும் ஹவுசிங்கிலும் நேருக்கு நேராக ஒரு கோடு போடுங்கள். சாதாரண டிஃபரன்ஷியலாக இருந்தால், ஒரு பக்கச் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்றுகள் சுற்ற வேண்டும். அதற்குள் பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம்.

இரண்டு சுற்றுகளோடு நிறுத்தினால் 3.20-க்கும் 3.25-க்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே இருபது சுற்றுகள் சுற்றி, பினியனின் சுற்றுகளைப் பத்தால் வகுக்குமாறு பரிந்துரைக்கிறேன். முப்பது சுற்று வந்தால் 3.00, முப்பத்திரண்டரை வந்தால் 3.25; முப்பத்தைந்து வந்தால் 3.50. கேரியரைக் கழற்றிப் பார்க்க விற்பவர் அனுமதித்தால் பற்களை எண்ணுவதே மேல். 9 அங்குல அச்சில் கிரவுன் வீலில் 39 பற்களும் பினியனில் 12 பற்களும் இருந்தால் 3.25, 35-உம் 10-உம் என்றால் 3.50, 35-உம் 9-உம் என்றால் 3.89; 37-உம் 9-உம் என்றால் 4.11. பல நேரங்களில் இந்த எண்கள் கிரவுன் வீலின் ஓரத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

இரு சக்கரங்களும் தரையைத் தொடாமல், கியர் நியூட்ரலில் இருக்கும்போது ஒரு சக்கரத்தைச் சுற்றினால், மற்றது எதிர்த் திசையில் சுற்றுவது சாதாரண டிஃபரன்ஷியல். அதே திசையில் சுற்றுவது லிமிடெட் ஸ்லிப். கிளட்ச் தட்டுகள் முற்றிலும் தேய்ந்துபோன லிமிடெட் ஸ்லிப்பும் சாதாரண வகையைப் போலவே நடந்துகொள்ளும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இரு சக்கரமும் சேர்ந்து சுற்றும் அச்சில் விகிதம் பார்க்கும்போது, சக்கரத்தின் ஒரு சுற்றுக்கே பினியனின் சுற்றை எண்ண வேண்டும்.

எந்த விகிதம் வேண்டும் என்பதைத் தேடுவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். சுமார் 25 அங்குல உயரமுள்ள டயரோடு, நேரடி டாப் கியரில் மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும்போது, 3.00 விகிதம் எஞ்சினை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,400 சுற்றுகளில் வைத்திருக்கும், 3.50 ஏறத்தாழ 2,800 சுற்றுகளுக்கும், 3.89 ஏறத்தாழ 3,100 சுற்றுகளுக்கும் கொண்டுபோகும். ஓவர்டிரைவ் (எஞ்சினை மெதுவாக ஓடவிடும் உயர் கியர்) இல்லாத வண்டியில் நெடுஞ்சாலைப் பயணம் செய்கிறவருக்கு 3.00 அல்லது 3.25 இதமானது.

எந்த வண்டியிலிருந்து எடுக்கலாம்

அச்சின் அகலம் என்று இங்கே நான் சொல்வது, ஒரு பக்கத்தில் சக்கரம் வந்து அமரும் முகத்திலிருந்து மறுபக்கத்தில் சக்கரம் அமரும் முகம் வரை உள்ள தூரம். டிரம்கள் மாட்டியிருக்கும்போது டிரம்மின் வெளி முகத்தை வைத்து அளக்க வேண்டும். கழற்றியிருந்தால் அதன் தடிமனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஹவுசிங்கை மட்டும் அளந்து சொல்லப்படும் எண்ணோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. தொலைபேசியில் விசாரிக்கும்போது எங்கிருந்து எங்கே அளந்தார் என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

1965–66 மஸ்டாங்கின் வி8 அச்சு 57.25 அங்குலம். இதற்கு மாற்றாக அதே ஆண்டுகளின் மற்றொரு வி8 மஸ்டாங்கின் அச்சு கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டாம். எந்த வெட்டும் ஒட்டும் இல்லாமல் அப்படியே பொருந்தும். 1967 முதல் 1970 வரையிலான மஸ்டாங்கின் அச்சு 59.25 அங்குலம், 1971 முதல் 1973 வரையிலானது 61.25 அங்குலம். மஸ்டாங் என்ற பெயரை மட்டும் பார்த்து இவற்றை வாங்கினால், ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ சக்கரம் வெளியே தள்ளி நின்று, டயர் மட்கார்டின் விளிம்பில் உரசும். 1967–70 அச்சை, உட்புறம் ஆழமாக அமரும் சக்கரங்களோடு பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். 1971–73 அச்சை இந்த வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மலிவாகக் கிடைப்பவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது 1970-களின் வி8 ஃபோர்டு மேவரிக், அதன் உடன்பிறப்பான மெர்க்குரி காமெட் இவற்றின் 8 அங்குல அச்சு. அதன் அகலம் 56.5 அங்குலம், ஐந்து போல்ட், வட்டமும் அதே 4.5 அங்குலம். ஒவ்வொரு பக்கமும் முக்கால் அங்குலத்தில் பாதிதான் உள்ளே போகிறது. சற்றே அகன்ற டயர் போட விரும்புகிறவருக்கு இது குறையன்று, வசதி. ஆறு சிலிண்டர் மேவரிக்குகளில் சிறிய அச்சும் உண்டு என்பதால் போல்ட் எண்ணிக்கையையும் பின்மூடியையும் பார்த்தே கை வைக்க வேண்டும்.

9 அங்குலம் தேடுகிறவர்களுக்கு 1957 முதல் 1959 வரையிலான ஃபோர்டு ரான்செரோ, ஸ்டேஷன் வேகன் வண்டிகளின் அச்சு 57.25 அங்குல அகலத்தோடு கிடைக்கிறது. ஆனால் அந்த வண்டிகளே இப்போது அரிதாகிவிட்டன. 1977 முதல் 1980 வரை வந்த லிங்கன் வெர்செயில்ஸ் காரின் 9 அங்குல அச்சில் பின் டிஸ்க் பிரேக்கே தொழிற்சாலையிலிருந்து வந்தது; அகலம் 58.5 அங்குலம். அதன் காலிப்பர் பாகங்கள் இன்று கிடைக்குமா என்று முதலில் விசாரித்துவிட்டு அச்சை வாங்குவது நல்லது. முதல் தலைமுறை ஃபோர்டு பிராங்கோவின் அச்சும் 9 அங்குலம்தான். போல்ட் வட்டம் 5.5 அங்குலம் என்பதால் மஸ்டாங் சக்கரம் அதில் ஏறாது.

போல்ட் வட்டத்தை அளக்க ஒரு வழி: ஐந்து போல்ட்டுகளுள் அடுத்தடுத்த இரண்டின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து 1.70-ஆல் பெருக்குங்கள். தூரம் 2.65 அங்குலம் இருந்தால் வட்டம் 4.5; 3.23 இருந்தால் 5.5. கண்பார்வைக்கு இந்த வேறுபாடு சேறு பூசிய அச்சில் தெரிவதில்லை.

1974 முதல் 1978 வரை விற்பனையான மஸ்டாங் 2 வண்டியின் முழு அச்சு நமக்கு உதவாது. நான்கு போல்ட், 4.25 அங்குல வட்டம். எனினும் அதில் இருக்கும் 8 அங்குல கேரியரும் பற்களும், உங்கள் ஹவுசிங் நன்றாக இருக்கும்பட்சத்தில், அப்படியே கழற்றி மாட்டக்கூடியவை. ஹவுசிங் நேராகவும் ஷாஃப்டுகள் நல்ல நிலையிலும் இருக்க, பற்கள் மட்டுமே தேய்ந்திருந்தால், முழு அச்சைத் தேடாமல் கேரியரை மட்டும் தேடுவதுதான் அறிவுடைமை. கிழக்கே பென்சில்வேனியாவின் கார்லைல், ஹெர்ஷி, மேற்கே கலிஃபோர்னியாவின் பொமோனா ஆகிய ஊர்களில் நடக்கும் பழைய பாகச் சந்தைகளில் கேரியர்கள் தனியாகவே தரையில் அடுக்கி விற்கப்படுகின்றன.

சுயசேவை ஜங்க் யார்டுகளில் இன்று எளிதாகக் கிடைப்பது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல அச்சு. 31 வரி ஷாஃப்டு, மஸ்டாங்குக்குப் பொருந்தும் ஐந்து போல்ட் வட்டம், 1995 முதல் பின் டிஸ்க் பிரேக் என அதன் சிறப்புகள் பல. தகட்டில் 3எல்73 என்றும் 88 என்றும் இருந்தால் அது 3.73 விகித லிமிடெட் ஸ்லிப். ஆனால் இதை வாங்குகிறவர் வேலையையும் சேர்த்தே வாங்குகிறார். அகலம் 59.5 அங்குலம்; பினியன் நடுவில் இல்லாமல் பயணி பக்கம் தள்ளி நிற்கிறது. நீளமான ஓட்டுநர் பக்கக் குழாயைச் சுமார் 3 அங்குலம் வெட்டிச் சுருக்கி, மற்றோர் எக்ஸ்ப்ளோரரிலிருந்து பயணி பக்கத்துக் குட்டை ஷாஃப்டை எடுத்து அங்கே போட்டால், பினியன் ஏறக்குறைய நடுவுக்கு வந்து அகலம் 56.5 அங்குலமாகும். அச்சு லீஃப் ஸ்பிரிங்கோடு சேரும் இடங்களான பழைய ஸ்பிரிங் இருக்கைகளை அறுத்தெடுத்துப் புதியவற்றைப் பற்றவைக்க வேண்டும், 3.25 அங்குலக் குழாய்க்கு ஏற்ற யு போல்ட் வேண்டும். வட்டமான பினியன் தட்டுக்கு இணைப்புத் துண்டு வேண்டும். பற்றவைப்பில் தேர்ச்சியும் ஹவுசிங்கை நேராகப் பிடித்து வைக்கும் கருவியும் உள்ள பட்டறை அருகில் இல்லாதவர், இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கையில் எடுத்த அச்சைச் சோதித்தல்

வண்டியில் மாட்டியபடியே இருக்கும் அச்சுக்கு முன்னுரிமை கொடுங்கள். எந்த வண்டி, எந்த எஞ்சின், எவ்வளவு மோதல் என்பதெல்லாம் அங்கே கண்ணெதிரே இருக்கும். பின்னாலிருந்து மோதப்பட்ட வண்டியானால், பின் சக்கரம் அடிவாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் ஹவுசிங் வளைந்திருக்கலாம்.

தரையில் கிடக்கும் அச்சானால் எண்ணெய் ஊற்றும் துளையைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் எண்ணெய் வந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. அப்படிக் கிடந்த அச்சில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருந்த பற்களில் துருக்கோடு விழுந்திருக்கும், அந்தப் பற்கள் இனி அமைதியாக ஓடா. உலோகத் துகள் மினுமினுத்தாலும், கருகிய வாடை வீசினாலும் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். பினியனின் தட்டைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அந்தத் திசையில் சிறு ஆட்டமும் இருக்கக் கூடாது. சுழலும் திசையில் மட்டும் சிறிதளவு ஆட்டம் இருப்பது இயல்பு. கேரியரைக் கழற்ற முடிந்தால் பற்களின் முகத்தை விளக்கொளியில் பாருங்கள்: மழுங்கிய பளபளப்பு நல்லது, குழிகளும் செதில்களும் நீலம் பாய்ந்த நிறமும் கெட்டவை.

ஷாஃப்டை இழுத்தெடுத்தால், ஆயில் சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கும் பள்ளம் இருந்தால் புதிய சீல் போட்டாலும் எண்ணெய் கசிந்து பிரேக் லைனிங்கை நனைக்கும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வடமாநிலங்களிலிருந்து வந்த அச்சானால், ஸ்பிரிங் இருக்கைகளைச் சுற்றியும் அவற்றின் அடியிலும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காமல் மந்தமாகக் கேட்கும் இடத்தில் குழாய் இளைத்திருக்கிறது. அரிசோனா போன்ற வறண்ட மாநிலங்களிலிருந்து வரும் அச்சுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

வாங்கும் முன் கடைசி அளவுகள், மாட்டிய பின் கடைசி வேலைகள்

இரண்டு ஸ்பிரிங் இருக்கைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை உங்கள் வண்டியில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். இந்த மஸ்டாங்கில் அது சுமார் 43 அங்குலம். இருக்கையின் நடுத்துளை லீஃப் ஸ்பிரிங்கின் நடு போல்ட் தலைக்குப் பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்டை அச்சோடு இணைக்கும் யூனிவர்சல் ஜாயின்ட்டில் 1310, 1330 என இரு அளவுகள் வழக்கத்தில் உண்டு. முன்னது கப்பு முனையிலிருந்து கப்பு முனை வரை 3.22 அங்குலம், பின்னது 3.63 அங்குலம். புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒன்றும் அச்சில் மற்றொன்றும் இருந்தால், இரண்டையும் சேர்க்கும் கலப்பு ஜாயின்ட் கடைகளில் கிடைக்கும். 8 அங்குலத்திலிருந்து 9 அங்குலத்துக்கு மாறும்போது பினியன் தட்டு முன்னுக்கு வருவதால், புரொப்பல்லர் ஷாஃப்டைச் சுருக்க நேரும். அந்த அளவைப் பழைய அச்சு கழற்றப்பட்ட பின் பட்டியல் பார்த்து எழுதாமல், புதிய அச்சை மாட்டி, வண்டியின் எடை சக்கரங்களின் மேல் நிற்கும்போது எடுக்க வேண்டும்.

இருக்கைகளைப் புதிதாகப் பற்றவைக்கும் அச்சாக இருந்தால், அதே நிலையில் வைத்தே பினியனின் சாய்வையும் நிர்ணயிக்க வேண்டும். கியர்பாக்ஸின் வெளியேறும் ஷாஃப்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் வேகமெடுக்கும்போது பினியனின் மூக்கு மேலெழும் என்பதால், இரண்டு பாகை அளவு கீழ்நோக்கி வைப்பது வழக்கம். முதலில் புள்ளி வைத்துப் பிடித்து, சாய்வை மீண்டும் சரிபார்த்து, பிறகு சிறுசிறு துண்டுகளாக, ஆறவிட்டு, இரு பக்கமும் மாறிமாறிப் பற்றவைத்தால் குழாய் வளையாது.

மாட்டும் நேரத்தில் சக்கர பேரிங்குகள், ஆயில் சீல்கள், பிரேக் ஹோஸ், பினியன் சீல் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். பினியன் நட்டைக் கழற்றினால், பேரிங்குகளுக்கு இடையே அழுந்தும் ஸ்லீவும் நட்டும் புதிதாக வேண்டும், பேரிங்கின் முன்னிறுக்கத்தை அளந்தே இறுக்க வேண்டும். ஏர் கன்னால் முறுக்கிவிடுவது பேரிங்கைக் கொல்லும் வேலை. காற்றுப்போக்கியின் துளை அடைபட்டிருந்தால் சூட்டில் அழுத்தம் ஏறி எவ்வளவு நல்ல சீலும் கசியும் என்பதால் அதையும் குத்திச் சுத்தம் செய்யுங்கள். 80டபிள்யூ-90 ஹைப்பாய்டு கியர் எண்ணெயை ஊற்றும் துளையின் கீழ்விளிம்பு வரை நிரப்புங்கள். லிமிடெட் ஸ்லிப் ஆனால் அதற்கான உராய்வுச் சேர்மானத்தையும் சேர்க்க வேண்டும்.

விகிதம் மாறியிருந்தால் வேகமானி பொய் சொல்லும். கியர்பாக்ஸின் பின்முனையில் உள்ள சிறிய பிளாஸ்டிக் கியரைப் புதிய விகிதத்துக்கும் டயர் உயரத்துக்கும் ஏற்ற பல் எண்ணிக்கையுடையதாக மாற்றுங்கள். புதிய பற்கள் போட்ட அச்சானால், முதல் பயணத்தை இருபது நிமிடத்துக்குள் முடித்து முழுதாக ஆறவிட்டு, அதன் பிறகு நீண்ட தூரம் போகலாம். நூறு மைல் ஓடியதும் வண்டியை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றி, யு போல்ட் நட்டுகள் எட்டையும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, சீல்களின் ஓரத்திலும் கேரியர் கேஸ்கெட்டைச் சுற்றியும் எண்ணெய் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள்.